இருட்டாத ஊரிலிருந்து வந்தவர்

எல்லாரும் கொழும்பை விட்டு வெளியே போக வழி தேடிக்கொண்டிருந்த காலம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் கனடாவுக்குக் காத்திருந்தவர்கள், பிரான்சுக்குக் காத்திருந்தவர்கள், ஏஜென்சிக்காரன் கைவிட்டபிறகு எதற்கென்று தெரியாமலே காத்திருந்தவர்கள் என்று வீட்டுக்கு வீடு ஆட்கள் இருந்தார்கள். அந்த ஒழுங்கைக்குள் சுவீடனிலிருந்து திரும்பி வந்து, ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, இனி இங்கேதான் என்று பெட்டியை அவிழ்த்த ஒரே ஆள் அவர்.

நாங்கள் அவரைச் சுவீடன் அன்ரி என்று கூப்பிட்டோம். அறுபது வயது இருக்கும். ஒல்லி. பருத்திச் சேலை, அதற்கு மேல் சுவீடனில் வாங்கிய நீலக் கம்பளிச் சட்டை. வெள்ளவத்தை வெக்கையில் ஏன் அது என்று கேட்டால், மகன் வாங்கித் தந்தது, போடாமல் விடுவது முறையில்லை என்பார்.

அவர் வந்த புதிதில் வீட்டுக்காரர் அவரை, கொழும்பில் தங்குகிற தமிழர் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்காரர் ரெயில்வேயில் இருந்து இளைப்பாறியவர், எதையும் நேரத்துக்குச் செய்கிறவர். பதிவெழுதிய கொன்ஸ்டபிள் எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். சுவீடன் என்றிருக்கிறார் அன்ரி. போவதைக் கேட்கவில்லை, வருவதைத்தான் கேட்கிறேன் என்றிருக்கிறார் கொன்ஸ்டபிள். வருவதைத்தான் சொல்கிறேன் என்றிருக்கிறார் அன்ரி. கடைசியில் அவர் சுவீடனுக்குப் போக இருப்பதாகவே எழுதி விட்டார்களாம். அப்படி எழுதினால்தான் வாசிக்கிறவனுக்கு விளங்கும் என்று கொன்ஸ்டபிள் சொன்னதாக வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

அன்ரியின் வாயில் அடிக்கடி வரும் சொல் 'முறை'. எந்த ஊர் முறை, யாருடைய முறை என்பதில் அவருக்குக் கவலை இல்லை. ஒரு முறை என்று இருந்தால் அதைக் கடைசி நுனி வரைக்கும் செய்ய வேண்டும். காலி வீதி செக்பொயின்டில் வயதான பெண்களைச் சோதிக்காமல் போகச் சொல்லிக் கையைக் காட்டுவார்கள். அன்ரி போகமாட்டார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பையைத் திறந்து நீட்டுவார். ஆமிக்காரப் பொடியன் வேண்டாம் அம்மே என்பான். எல்லாருடையதையும் பார்க்கிறாய்தானே, என்னுடையதையும் பார் என்பார். அவன் வேறு வழியில்லாமல் அவருடைய கருவேப்பிலையையும் கோயில் விபூதியையும் வெளியே எடுத்துப் பார்த்துத் திரும்ப வைப்பான். பின்னால் நிற்கிற நாங்கள் பஸ்ஸைத் தவறவிடுவோம்.

நான் அப்போது பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. இருபத்தொன்பது வயது, கலியாணம் ஆகவில்லை. அன்ரியின் அறையும் என்னுடைய அறையும் பக்கத்துப் பக்கத்தில். அதனால் அவர் ஏன் திரும்பி வந்தார் என்ற கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

மகன் இருந்தது சுவீடனின் வடக்கு முனையில், இரும்புச் சுரங்கம் உள்ள ஊரில். அங்கே மெசின் திருத்துகிற வேலை அவருக்கு. ஆனி மாதத்தில் அந்த ஊரில் சூரியன் இறங்குவதே இல்லை. வானத்தின் ஓரத்தால் சுற்றிக்கொண்டே நிற்கும். அன்ரியோ பிரதோஷ விரதம் பிடிக்கிறவர். பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, பொழுதுபடுகிற நேரத்தில் சிவனைக் கும்பிட்டு, இருட்டிய பிறகு சாப்பிடவேண்டும். முதல் ஆனியில் விரதத்தைத் தொடங்கி விட்டார். பொழுது படவில்லை. பத்து மணிக்கு யன்னலால் பார்த்தார், வெயில். நடுச்சாமத்தில் எழும்பிப் பார்த்தார், வெயில். அடுத்த நாளும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மகன் பயந்துபோய் வெள்ளவத்தையில் தெரிந்த ஐயர் ஒருவருக்குப் போன் எடுத்துக் கொடுத்தார். ஐயர் தன் வாழ்நாளில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. கனநேரம் யோசித்துவிட்டு, கண்ணை மூடுங்கோ அம்மா, அது இருட்டுத்தானே, பிறகு சாப்பிடுங்கோ என்றார். அன்ரி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு நேர்ஸ் வந்து கறுப்புத் திரைச்சீலையை இழுத்து மூடினாள். அறை கும்மிருட்டானது. அன்ரி உடனே எழும்பி இருந்து தேவாரம் பாடிவிட்டுச் சாப்பாடு கேட்டார்.

கண்ணை மூடுவதற்கும் திரையை மூடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டேன்.

"கண்ணை மூடினா அது நான் செய்யிற இருட்டு பிள்ளை. அவள் திரையை இழுத்தது, வந்த இருட்டு. ஆனா பிரதோஷத்துக்குப் பிரதோஷம் நேர்ஸைத் தேடிப் போக ஏலுமோ?"

அதனால்தான் திரும்பி வந்தார். குண்டு வெடிக்கிற ஊர் என்று எல்லாரும் தடுத்தார்களாம். வெடிக்கட்டும், பொழுதுபடும்தானே என்றாராம்.

இது பாதிக் கதை. மற்றப் பாதி, அவர் அங்கிருந்து ஒரு நேர்த்திக்கடனையும் கொண்டு வந்திருந்தார் என்பது.

வருடத்தின் மிக நீளமான பகல் வருகிற கிழமையில், வெள்ளிக்கிழமை, அந்த ஊர்ச் சனம் ஒரு பெரிய மரக் கம்பத்தை நட்டு, இலையும் பூவும் சுற்றி, இரண்டு பக்கமும் வளையம் தொங்கவிட்டு, அதைச் சுற்றி ஆடுமாம். எந்தக் காலத்திலோ, அங்கே மாதா கோயில் வருவதற்கு முன்பே, சூரியனைக் கும்பிட்ட ஆட்களின் பழக்கமாம். அதை அன்ரி சொல்லும்போது எங்கள் கொடிமரத்தைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும். அதுவும் எங்கட சமயம்தான், தாளிக்காமல் விட்டிருக்கினம் என்பார். அந்த ஆட்டங்களில் ஒன்று தவளை ஆட்டம். கிழவர், குமரி, குழந்தை எல்லாரும் கம்பத்தைச் சுற்றிக் குந்தித் துள்ளவேண்டும். கையைக் காதடியில் வைத்து ஆட்டவேண்டும். பிறகு முதுகுக்குப் பின்னால் வைத்து ஆட்டவேண்டும். அன்ரியின் நேர்த்தி இதுதான்: உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் சூரியன் இறங்க முன்னர் கம்பத்தைச் சுற்றித் துள்ளுவது. தனியத் துள்ளுவது முறையில்லை. ஆட்கள் வேண்டும்.

எதற்காக அந்த நேர்த்தி என்று யாருக்கும் தெரியாது. நேர்த்தியை வெளியில் சொன்னால் பலிக்காது, பலித்திருந்தாலும் கலைந்துபோகும் என்பார்.

வீட்டுக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் ரெயில் நேர அட்டவணையோடு வாழ்ந்தவர். இலங்கையில் எல்லாப் பகலும் கிட்டத்தட்ட ஒரே நீளம், இங்கே மிக நீளமான நாள் எது என்று ஒருத்தருக்கும் தெரியாது என்று விளக்கினார். சூரியனுக்குத் தெரியும் என்றார் அன்ரி. வாதம் அதோடு முடிந்தது. அந்த நாளுக்கு அவர்கள் அங்கே ஊறுகாய் போட்ட மீனும் புது உருளைக்கிழங்கும் சாப்பிடுவார்களாம். அன்ரி சைவம் என்பதால் மீனுக்குப் பதில் கத்தரிக்காய் மோஜு செய்தார். சீனியும் வினாகிரியும் கடுகும் சரியாகச் சேர்ந்த அந்த மோஜுவைச் சாப்பிட்ட பிறகு வீட்டுக்காரர் தன் நாரிப்பிடிப்புக்கு, அந்த இடுப்பு வலிக்கு, துள்ளுவது நல்லதாக இருக்கலாம் என்று சொல்லத் தொடங்கினார்.

முதல் வருடம் மாடியில் துள்ளி முடிந்த பிறகு அன்ரிக்கு நெருப்பும் வேண்டியிருந்தது. அங்கே பக்கத்து வீட்டில் இருந்த பின்லாந்துக்காரி அந்த நாளில் ஏரிக்கரையில் நெருப்பு மூட்டுவாளாம். நானும் அன்ரியும் ரெயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போய், சிரட்டையும் வீட்டுக்காரரின் உடைந்த கதிரையும் போட்டுக் கொளுத்தினோம். கொளுத்திக் கொஞ்ச நேரத்தில் இரண்டு பொலிஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். கடலில் யாருக்குச் சிக்னல் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். என் சிங்களம் பயத்தில் மறந்துபோனது. அன்ரி அமைதியாக, சூரியனுக்கு என்றார். சூரியன் போய்விட்டதே என்றான் ஒருவன். போனபடியால்தான் கூப்பிடுகிறோம் என்றார் அன்ரி.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சப்பாத்துக் காலால் மணலை அள்ளித் தள்ளி நெருப்பை மூடினார்கள். அன்ரி அவர்களுக்கு நன்றி சொன்னார். பின்லாந்துக்காரியும் மணல் போட்டுத்தான் அணைப்பாளாம். அதையும் அவர்களே செய்து தந்துவிட்டார்கள் என்று வீடு வரைக்கும் சந்தோஷமாக வந்தார்.

அந்த வருடமே எனக்குப் பூ பறிக்கிற வேலையும் வந்தது. கலியாணம் ஆகாத பெண் அன்றைக்கு ஏழு வகைப் பூவைப் பறித்துத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுத்தால், கட்டப்போகிறவன் கனவில் வருவான். பறிக்கத் தொடங்கியதிலிருந்து படுக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. இதெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன். நம்பச் சொல்லவில்லை, செய்யத்தான் சொல்கிறேன் என்றார். நெருப்பு அணைந்த கையோடு நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு காலி வீதியில் பூத் தேடி அலைந்தோம். ஒரு வேலியில் செம்பரத்தை, ஒரு மதிலில் போகன்விலா, கோயிலடியில் அரளி. செக்பொயின்டில் மறித்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டான் ஆமிக்காரன். நான் அடையாள அட்டையை நீட்டினேன். கையில் என்ன என்று கேட்டான். பூவைக் காட்டினேன். அன்ரி பக்கத்தில் நின்று விரலை உதட்டில் வைத்தார். அவன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் இளகிப்போனது. இரண்டு பேருக்கும் வாய் பேசாது என்று மற்றவனுக்குச் சொல்லி, பஸ்களை மறித்து, எங்களைக் கையைப் பிடித்து வீதியைக் கடத்திவிட்டான்.

கனவில் என் கந்தோரின் தலைமை எழுதுவினைஞர் வந்து ஒரு ஃபைலைக் கேட்டார். காலையில் அன்ரியிடம் சொன்னேன். அவருக்குக் கலியாணம் முடிந்ததா என்று மிகவும் அக்கறையாகக் கேட்டார். பேரப்பிள்ளையும் இருக்கிறது என்றேன். அன்ரி தலையணையைத் தூக்கிப் பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழாவது பூ கிடைக்காமல் பேக்கரியில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்தில் இருந்து நான் எடுத்தது பிளாஸ்டிக் பூ. அதுதான் பிழைத்தது என்றார். அன்று காலை நான் செக்பொயின்டைக் கடந்தபோது பக்கத்தில் நின்றவளோடு கதைத்துக்கொண்டு போனேன். அந்த ஆமிக்காரன் துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் எடுத்து வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

அடுத்த வருடம் வந்தது. மேல்மாடி அறைக்குக் கபிலன் என்ற பொடியன் புதிதாக வந்திருந்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, முதலில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தவன். கனடாவில் இருந்த தமையன் காசு கட்டியிருந்தான். ஏஜென்சிக்காரன் இந்தா அந்தா என்று இழுத்துக்கொண்டிருந்தான். கபிலன் பயந்த சுபாவம். படி ஏறுகிற சத்தம் கேட்டாலே எழும்பி நிற்பான். அன்ரி அவனுக்குச் சாப்பாடு கொடுத்தார், அதனால் அவனும் தவளையானான்.

நெருப்பு இனி வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். மொட்டை மாடியில் கம்பம் மட்டும். கம்பம் என்று நட ஒன்றும் இல்லாததால் இந்த முறையும் வீட்டுக்காரரின் ரீவி அன்ரனாக் குழாயைத் தெரிந்தெடுத்தார் அன்ரி. அதற்கு ஏற்கெனவே குறுக்குக் கம்பிகள் இருந்தன, வளையம் தொங்கவிட வசதி. தென்னோலையும் மாவிலையும் சுற்றினோம். அடியில் சந்தனம், குங்குமம். அன்ரியின் தலையில் அரளியும் நித்தியகல்யாணியும் சேர்த்துக் கட்டிய பூவளையம். படுக்கும்வரை அதைக் கழற்றக் கூடாது. பாட்டு அவருக்கு முழுக்கத் தெரியாது. தெரியாத இடங்களை 'நமச்சிவாய' போட்டு நிரப்பினார்.

நான்கு பேரும் குந்தித் துள்ளத் தொடங்கினோம். வெயில் கடல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துள்ளினார். கபிலன் வெட்கத்தில் தரையைப் பார்த்தபடி துள்ளினான். அன்ரி எங்களுக்கு முன்னால் துள்ளிக்கொண்டே, குதிக்கால் நிலத்தில் படக்கூடாது என்று திரும்பித் திரும்பிச் சொன்னார். மூன்று சுற்றில் இரண்டு முடிந்திருந்தது.

பக்கத்துக் கட்டடத்தில் இருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். மாடியில் அன்ரனா வைத்து ஆட்களுக்குப் பயிற்சி நடக்கிறது என்று தகவல் போயிருக்கிறது. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்த ஆமிக்காரன் வீட்டுக்காரரை நேருக்கு நேர் கண்டான். அவர் அந்த நேரம் ஆகாயத்தில் இருந்தார்.

எங்களைச் சுவரோடு நிறுத்தினார்கள். வந்திருந்த அதிகாரி இளம் ஆள், சிரிக்காதவர். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காதபடி மாடியின் நான்கு மூலைக்கும் கொண்டுபோய்த் தனித்தனியாக விசாரித்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்க, நான் நேர்த்தி என்றேன். வீட்டுக்காரர் நாரிப்பிடிப்புக்கு அப்பியாசம் என்றிருக்கிறார். பிறகு சுவீடன் நாட்டுக் கலாசாரம் என்று ஆங்கிலத்தில் சேர்த்திருக்கிறார். அன்ரி, இன்னும் ஒரு சுற்று இருக்கிறது, அதை முடித்துவிட்டுக் கதைப்போம் என்றிருக்கிறார். கபிலனுக்குச் சிங்களம் தெரியாது. கொட்டாஞ்சேனையில் பொறுக்கிய சில சொற்கள்தான். அவன் தன் மூலையில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி ஒரே ஒரு வசனம் சொன்னான்.

"மம கெம்பா."

நான் தவளை என்று அர்த்தம்.

ஆமிக்காரப் பொடியன்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கபிலனின் பொலிஸ் பதிவைப் பார்த்தார். அது இன்னும் கொட்டாஞ்சேனை விலாசத்தில் இருந்தது. வடக்கிலிருந்து வந்த இளம் பொடியன், பதிவு வேறு இடம், ஆள் வேறு இடம், மாடியில் அன்ரனா. கீழே நின்ற ட்ரக்கில் ஏறச் சொன்னார். அந்தக் காலத்தில் அப்படி ட்ரக்கில் ஏறியவர்களில் சிலர் அடுத்த நாள் வந்தார்கள், சிலர் வருடக்கணக்கில் வரவில்லை. கபிலன் எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

அன்ரி பூவளையத்தோடு படியிறங்கிப் போய்த் தானும் ட்ரக்கில் ஏறினார். இறங்கச் சொன்னார்கள். சுற்று முடியாமல் ஒருத்தரை மட்டும் பிரிக்கக் கூடாது, அது முறையில்லை என்றார். வீட்டுக்காரர் சாரத்தை அவிழ்த்துச் சரியாகக் கட்டிக்கொண்டு ஏறினார். பிறகு நானும்.

பொலிஸ் ஸ்டேஷனில் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி கொஞ்சம் வயதானவர். மேசைக்கு முன்னால் பூவளையம் வைத்த ஒரு கிழவி நிற்பதைக் கண்டு முதலில் வேறு பக்கம் பார்த்தார். பிறகு விசாரணையைத் தொடங்கினார். அன்ரி தமிழில் சொல்ல, நான் சிங்களத்தில் சொல்லவேண்டியிருந்தது. அவருக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய சந்தேகம், சுவீடனில் இருந்து ஒருவர் ஏன் கொழும்புக்கு வருவார் என்பதுதான். அன்ரி பிரதோஷக் கதையைச் சொன்னார். பொழுதுபடாத ஊரையும் நேர்ஸ் இழுத்த திரையையும் நான் மொழிபெயர்த்தேன்.

ஓ.ஐ.சி பேனாவை வைத்துவிட்டார். அவர் பௌர்ணமிப் போயா நாளில் சில் என்ற பௌத்த விரதம் எடுக்கிறவர் என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. சில் எடுத்தால் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடக் கூடாது, அடுத்த நாள் விடிந்தால்தான் சாப்பாடு. அந்த ஊரில் மார்கழியில் எப்படி என்று கேட்டார். மார்கழியில் விடியாது என்றார் அன்ரி. அப்படியென்றால் மார்கழிப் போயாவுக்குச் சில் எடுத்தவன் எப்போது சாப்பிடுவான் என்று கேட்டார். தை மாதம் என்றார் அன்ரி. ஓ.ஐ.சி எழும்பி யன்னல் அருகே போய் நின்றார். அந்த நாட்டில் எங்கள் பிக்குமார் இருக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டார். இருக்கக் கூடும் என்றார் அன்ரி. அவர்களைப் பற்றிய கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் பொலிஸ்காரராகிவிட்டார். நீங்கள் ஏன் வந்தீர்கள் என்பது விளங்குகிறது, இந்தப் பொடியன் ஏன் துள்ளினான் என்பது விளங்கவில்லை என்றார். நேர்த்திக்கு ஆள் வேண்டும் என்று சொன்னேன். என்ன நேர்த்தி என்று கேட்டார். சொல்லக் கூடாது என்றார் அன்ரி. சொல்ல முடியாத காரியம் எதுவோ அதை விசாரிக்கத்தான் நான் இங்கே இருக்கிறேன், சொல்லாவிட்டால் பொடியனை மேலிடத்துக்கு அனுப்பவேண்டி வரும் என்றார் அவர். கோபத்தோடு சொல்லவில்லை.

அன்ரி வாங்குப் பலகையில் இருந்த கபிலனைப் பார்த்தார். அவன் கையை மடியில் வைத்து, குளித்துவிட்டு வந்த குழந்தைபோல ஒடுங்கியிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு பிள்ளை. என்ர மகன் படுத்திட்டான்."

நான் அதை மொழிபெயர்த்தேன். அவர் தொடர்ந்து சொன்னதையும் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். அங்கே போன இரண்டாவது மாரிக் குளிரில் சூரியன் எழும்பாமல் விட்டபோது மகனும் எழும்பாமல் விட்டார். வேலைக்குப் போகவில்லை, குளிக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். டொக்டர் குளிசை கொடுத்தார். தாய் கேட்டால் பதில் இல்லை. ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, வெளியே இரவாகவே இருக்க, அன்ரி யன்னல் அருகே போய் நின்று, இல்லாத சூரியனிடம் சொன்னார். இவனை எழுப்பிவிடு. இந்த ஊர் ஆட்கள் உன்னுடைய நாளில் உனக்கு என்ன செய்கிறார்களோ அதை நான் சாகும்வரை செய்கிறேன், ஒரு முறையும் பிழையாமல். தை மாதம் மலை விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்த அன்று மகன் எழும்பி வந்து தேத்தண்ணி கேட்டார். அதற்குப் பிறகு அவர் படுக்கவில்லை. அவர் இனிப் படுக்கமாட்டார் என்று தெரிந்த பிறகுதான் அன்ரி வெளிக்கிட்டு வந்தார்.

நான் சொல்லி முடித்ததும் ஓ.ஐ.சி கபிலனைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை பதிவை மாற்றவேண்டும் என்றார். வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினார். போகலாம் என்றார்.

வெளியே வந்ததும் நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிட்டோம். அன்ரி அழத் தொடங்கினார். சொல்லிப்போட்டன், எல்லாம் கலைஞ்சு போச்சுது, அவன் இப்ப படுத்திருப்பான் என்றார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலி வீதியில் ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் பின்னால் ஓடினேன். கொமியூனிகேஷன் கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். அன்ரி குனிந்து உள்ளே நுழைந்து போன் கூண்டுக்குள் போனார். நம்பரை நான்தான் அழுத்தினேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. திரும்ப எடுத்தோம். எடுக்கவில்லை. அன்ரி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். பூவளையத்தில் இருந்து அரளி ஒன்று விழுந்தது.

மூன்றாம் தடவை எடுபட்டது. ஒரே இரைச்சல். யாரோ ஆர்மோனியம்போல எதையோ வாசிக்கிறார்கள், சனம் சிரிக்கிறது. மகனின் குரல் இளைத்து இளைத்து வந்தது, பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"அம்மா, பிறகு எடுங்கோ. துள்ளிக்கொண்டு நிக்கிறம்."

அன்ரி குதிக்கால் நிலத்தில் படாமல் துள்ளுகிறாயா என்று கேட்டார். அங்கிருந்து பதில் வரவில்லை. மகன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டார் போல. தொம், தொம் என்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைக்காரன் காசு ஓடுகிறது அம்மா என்றான். ஓடட்டும் என்றார் அன்ரி.

அதற்கு அடுத்த வருடம், அந்த நாள் வெள்ளிக்கிழமை, நான் கந்தோரிலிருந்து வந்தபோது மாடியில் சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தேன். வீட்டுக்காரர் அன்ரனாவில் தென்னோலை கட்டிக்கொண்டிருந்தார். கபிலன் ஏணியைப் பிடித்திருந்தான். அவனுடைய கனடா இன்னும் வந்தபாடில்லை. அன்ரி கதிரையில் உட்கார்ந்து, இது தேவையில்லாத வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொன்ன நேர்த்தி சொன்னதோடு முடிந்துவிட்டது, இனித் துள்ளுவதற்கு ஒரு காரணமும் இல்லை, காரணமில்லாமல் துள்ளுவது முறையில்லை.

வீட்டுக்காரர் ஏணியில் நின்றபடி, நேர்த்தி உங்களுடையது, முடிந்தால் முடியட்டும், நாங்கள் துள்ளப்போகிறோம் என்றார். ஓ.ஐ.சிக்கும் முதலே சொல்லி வைத்திருந்தார். காவலுக்கு ஒரு கொன்ஸ்டபிள் வந்து தண்ணீர்த் தொட்டி அருகே நின்றான்.

நாங்கள் மூன்று பேரும் தொடங்கினோம். அன்ரி கதிரையில் இருந்து பிழை சொன்னார். குதிக்கால் படுகிறது என்றார். கை காதடியில் இல்லை என்றார். வீட்டுக்காரர் துள்ளுவது தவளை இல்லை, ஆமை என்றார். நாங்கள் கேட்கவில்லை. பாட்டும் எங்களுக்குத் தெரியாது. ஆளுக்கு ஆள் வாயில் வந்ததைப் பாடினோம். கொன்ஸ்டபிள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான், பிறகு தொப்பியைத் தொட்டியின் மேல் வைத்துவிட்டு வந்து குந்தினான். இரண்டாவது சுற்றில் நான் திரும்பிப் பார்த்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. அன்ரி நீலக் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கதிரைச் சாய்வில் போட்டுவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்குப் பின்னால் துள்ளி வந்துகொண்டிருந்தார், குதிக்கால் நிலத்தில் பட.